பல்லி விழுந்த பீப்பாவும் பூதப் பிராணியின் இரத்தமும்

கொதிநீரில் முக்கி எடுத்த கோழியின் இறகு வாடை பின்வளவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஈரச் சாக்கைத் தீயில் வாட்டினாற் போன்ற வாடை. மற்ற நாளென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீதிப் பக்கம் போய்விடுவேன். அன்று விறாந்தையில் பத்திரிகையும் கையுமாக அப்படியே இருந்துவிட்டேன். கண் ஒரு செய்தியில் மாட்டிக்கொண்டது.

டைனோசர் என்னும் அந்தப் பழைய பெரும் பிராணிகளின் இரத்தம் சூடானதா குளிர்ந்ததா என்று மேல்நாட்டு அறிஞர்கள் இரண்டு கட்சியாகி மோதுகிறார்களாம். குளிர்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்களாம். இப்போது ஒரு கூட்டம் எழுந்து, இல்லை, சூடு என்கிறதாம். அவர்கள் கொண்டுவரும் சாட்சிகளில் ஒன்று, அந்தப் பிராணி பல்லிக்கு உறவாவதைவிடப் பறவைக்குக் கிட்டிய உறவு என்பது.

நான் பின்வளவுக்குப் போய் அதைச் சத்தமாக வாசித்தேன். என் மனைவி செய்னம்பு கோழியைத் தலைகீழாகப் பிடித்தபடி கேட்டாள். அவள் புறங்கையில் இரண்டு இறகுகள் ஒட்டியிருந்தன.

"இது எங்கட ஊட்டுக்கு ஓடு ஏறாம நிண்ட கதைதானே?" என்றாள். "இப்பயா அவங்களுக்குத் தெரிஞ்ச?"

இப்போதுதான். எங்களுக்கு ஐம்பதுகளிலேயே தெரியும். ஒரு கூரையை முடிப்பதற்காக நாங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

பாதிக் கூரை

எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டிக்கொடுப்பார். ஆகவே ஒரு கல்யாணப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறதென்று அறிய ஆளனுப்பத் தேவையில்லை. வீதியில் நின்று சுவரைப் பார்த்தால் போதும். அத்திவாரம் வெட்டினால் சம்மதம். நிலை வைத்தால் நிச்சயம். ஓடு ஏறினால் மாப்பிள்ளை தலைமயிர் வெட்டத் தொடங்கலாம்.

செய்னம்புவின் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் எழும்பிக்கொண்டிருந்தது. கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்போது புதிய வாத்தியார். பள்ளி விட்டதும் சைக்கிளைத் தேவையில்லாமல் அந்த ஒழுங்கையால் விடுவேன். வீட்டைப் பார்ப்பதாகத்தான் என் நினைப்பு. ஊர் வேறு மாதிரி நினைத்தது. ஊர் நினைத்ததே சரி.

கிழக்குப் பக்கம் ஓடு ஏறிவிட்டது. மேற்குப் பக்கம் கைமரம் மட்டும், சதை கழன்ற விலா எலும்பு மாதிரி வானத்துக்குக் கீழே கிடந்தது. ஒரு சனிக்கிழமை போனேன். கூரையில் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றும் இல்லை. முருங்கை மரத்தடியில் அடுக்கியிருந்த ஓட்டுக் குவியலின் மேல் ஒரு வெள்ளாடு ஏறி நின்று என்னைப் பார்த்தது.

ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். நம் ஊரில் இல்லை என்ற சொல்லை வாயால் சொல்வது மரியாதையில்லை. ஓடு போடுவதை நிறுத்துவார்கள்.

இரண்டு நாளுக்கு முன்னர், வெள்ளிக்கிழமை, நான் செய்தது ஒன்றே ஒன்று. வாசிகசாலையில் ஒரு விவாதத்தில் பேசினேன்.

சூடா, குளிரா

அந்த வாசிகசாலையில் மாதம் ஒரு விவாதம் நடக்கும். அதற்கு முந்தைய மாதத் தலைப்பு, கடலா வயலா என்பது. மீன்பிடிகாரரும் வயற்காரரும் நிறைந்த சபையில் அதை வைத்தவர்கள் யாரென்று பிறகு தேடியபோது ஆள் அகப்படவில்லை. மூன்று கதிரைகளின் கால் முறிந்தது. இனிமேல் ஊரில் ஒருவருக்கும் சம்பந்தமில்லாத விஷயத்தைத்தான் எடுப்பதென்று குழு தீர்மானித்தது.

சம்பந்தமில்லாத விஷயம் ஒரு பழைய ஆங்கில சஞ்சிகையில் கிடைத்தது. கல்லோயா அணை கட்ட வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போனது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் அதை வாசிகசாலைக்குக் கொடுத்திருந்தார். நடுப்பக்கத்தில் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிராணி. வால் தரையில் இழுபடுகிறது. வாய்க்குள் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தலாம். உலகத்தில் இப்போது ஒன்றுகூட இல்லை என்று கீழே போட்டிருந்தது. இதைவிடச் சம்பந்தமில்லாதது எங்கே கிடைக்கும்?

தலைமை வகித்த தலைமையாசிரியர், "பல்லி, ஓணான், உடும்பு எல்லாவற்றுக்கும் இதுவே முப்பாட்டன்" என்று சபைக்கு அறிமுகம் செய்தார். அதன் இரத்தம் சூடா, குளிரா என்பதே தலைப்பு. கட்சி பிரிக்க ஒரு கொட்டைப்பாக்கைக் கையில் மூடிக் கேட்டார்கள். எனக்குச் சூடு விழுந்தது. குளிர் கபூருக்கு.

கபூர் என் மச்சான், என் வயதுக்காரன். மருதமுனைத் தறிச் சாரன்களைச் சைக்கிளில் கட்டி ஊரூராக விற்பவன். வாயில் வெற்றிலையும் நக்கலும் ஒன்றாக அடங்கியிருக்கும்.

நான் கல்லோயா அணை கட்டிய இங்கினியாகலை இயந்திரங்களைச் சாட்சிக்குக் கொண்டுவந்தேன். விடிய விறைத்துக் கிடக்கும் புல்டோசர் சூடேறாமல் மண்ணைத் தள்ளுமா? அதைவிடப் பெரிய உடம்பு குளிர் இரத்தத்தோடு ஓர் அடி வைக்குமா? கைதட்டினார்கள்.

கபூர் எழும்பினான். வெற்றிலையை யன்னலுக்கு வெளியே துப்பினான்.

"மாஸ்டர்ர அடுப்பு நல்ல அடுப்புத்தான். பனை ஒசரத்துல அடுப்பு. அதுக்கு விறகு ஆரு போடுற? ஆடு மாடு சூட்டு ரெத்தம். அதால விடிஞ்சா பொழுதுபட்டா மேயுது. இதுவும் அப்பிடி மேஞ்சிருந்தா இண்டைக்கு ஒலகத்துல ஒரு புல்லு மிஞ்சிருக்குமா? மாவடிப்பள்ளி ஆத்துல முதலையப் பாருங்க. ஒரு நாளைக்குத் தின்னும். ஒரு கிழம வாயத் திறந்துக்கிட்டு வெயில்ல கெடக்கும். எங்கட வாசிகசாலைத் தலைவர் மாதிரி."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் வேறு வழியின்றிச் சிரித்தார். நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தோற்கும்போது எனக்குக் கவிதை வரும். இன்றுவரை மாறாத வியாதி.

"அதன் கழுத்தில் கத்தி பட்டிருந்தால் இரத்தம் ஓடியிருக்காதா?" என்று கத்தினேன். "ஓடியிருக்கும்! கொதித்து ஓடியிருக்கும்! நாவிதன்வெளி வாய்க்காலைத் திறந்துவிட்டாற்போல் ஓடியிருக்கும்!"

வாய்க்கால் என்றதும் வயற்காரர் பக்கம் அதிர்ந்தது. ஆனாலும் வென்றது கபூர்தான். பரிசாக ஒரு வாழைக்குலை கொடுத்தார்கள். கடைசி வாங்கில் ஒருவர் மட்டும் சிரிக்கவுமில்லை, கைதட்டவுமில்லை. தோளில் கிடந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். ஆதம்பாவா மரைக்கார். மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

பீப்பா

ஞாயிறு பின்னேரம், ஆட்டோடு நான் முகம் பார்த்து நின்றபோது, கபூர் வந்து சைக்கிளை நிறுத்தினான்.

"மச்சான், அண்டைக்கி நீங்க ஓடவிட்ட ரெத்தம் இப்ப பீப்பாக்குள்ள வந்து நிக்கிது" என்றான்.

பீப்பாவின் கதையைச் சொல்லவேண்டும். கடற்கரைத் தைக்காவில், அந்தச் சிறு தொழுகையிடத்தில், தண்ணீர்த் தொட்டி வெடித்துக் கிடந்தது. கொத்தன் வரும்வரை தொழ வருவோர் கை, முகம், கால் கழுவி ஒழு எடுக்க ஒரு மரப்பீப்பாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். விவாதத்துக்குச் சில நாள் முந்தி, சுபஹு தொழுகை முடிந்து வெளிச்சம் வந்தபோது, பீப்பாவில் ஒரு பல்லி செத்து மிதந்தது. அந்தத் தண்ணீரில் ஒழு எடுத்துத்தான் எல்லோரும் தொழுதிருந்தார்கள்.

தொட்டி நிறையத் தண்ணீர் என்றால் கேள்வியே இல்லை. பீப்பாத் தண்ணீர் கொஞ்சம். கொஞ்சத் தண்ணீரில் இரத்தம் ஓடும் பிராணி செத்தால் தண்ணீர் கெட்டுவிடும். ஈ, எறும்பு போல, வெட்டினாலும் இரத்தம் ஓடாத பிராணி செத்தால் கெடாது. பல்லி இந்த இரண்டாம் வகை என்று மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்றார் தைக்காவில் தொழுகை நடத்தும் லெப்பை.

"லெப்ப சொன்னாச் சரி" என்றார் மீராலெப்பை மரைக்கார். அவர்தான் செய்னம்புவின் வாப்பா. எனக்கு மாமாவாகப் போகிறவர்.

மரைக்கார் என்றால் என்னவென்று வெளியூர் வாசகர் கேட்கலாம். எங்கள் ஊர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. தாய் வழியாக வருவது. பள்ளிவாசல் காரியம் பார்க்கக் குடிக்கு ஒரு மரைக்கார். மாமா ஒரு குடிக்கு, ஆதம்பாவா இன்னொரு குடிக்கு. மாமா சரி என்றதை ஆதம்பாவா சரி என்பது அபூர்வம்.

"பல்லிக்கு ரெத்தமில்லையா? வால் அறுந்த பல்லிய நான் கண்டிரிக்கன்" என்று அன்றே முணுமுணுத்திருக்கிறார். ஆனால் பக்கத்தில் நிற்க ஆளில்லாமல் பேச்சு அடங்கிப் போயிற்று. நான் பேசும்வரை.

"கேளுங்க" என்று கபூர் விரலை மடக்கினான். "அந்தப் பிராணி பல்லிட முப்பாட்டன். முப்பாட்டனுக்கு ரெத்தம் ஓடுமெண்டா பேரனுக்கும் ஓடும். ஓடினா பீப்பாத் தண்ணி கெட்டுது. தண்ணி கெட்டா ஒழு இல்ல. ஒழு இல்லாட்டித் தொழுகை இல்ல. இதெல்லாம் சொன்னது ஆரு? மீராலெப்ப மரைக்கார்ர மருமகன். அதுவும் வாய்க்கால் திறந்த மாதிரி."

"நான் பல்லியப் பத்தி ஒரு வார்த்தையும் கதைக்கல்லயே மச்சான்!"

"அத நீங்க ஊருக்குச் சொல்லுங்க. எனக்கு வாழைப்பழம் விக்கிற வேல இரிக்கி."

மாமாவின் நிலை விளங்கிற்று. மருமகன் சொன்னது சரி என்றால் லெப்பை வேலையை விட்டு வீட்டுக்குப் போகவேண்டும், தீர்ப்பை ஆதரித்த தானும் தலைகுனியவேண்டும். மருமகன் சொன்னது பிழை என்றால் சபையறியப் பொய் சொன்னவனுக்கு மகளைக் கொடுக்கவேண்டும். இரண்டையும் யோசித்து முடிக்கும்வரை அவர் ஓட்டை நிறுத்தியிருக்கிறார்.

தொடையில் சுட்ட ஊர்

இந்த இரண்டு மரைக்கார்களுக்கும் பகை வந்தது ஒரு காளையால்.

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் குடி உண்டு. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தொடையில் குடிக்குறி சுடுவார்கள். மயிர் கருகும் அந்த நாற்றம் வயற்கரையில் அரை நாள் நிற்கும். பிறகு அந்த மாடு எந்தக் காட்டில் மேய்ந்தாலும் இன்ன குடியின் மாடு என்று யாரும் வாசிக்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் தொடை வாசிப்பார்கள்.

ஒரு வருஷம் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு கட்டாக்காலிக் காளை பிடிபட்டது. மாமா தன்னுடையது என்றார். நிறம், கொம்பு, நடை, நெற்றிச் சுழி எல்லாம் சொன்னார். ஆதம்பாவா குனிந்து அதன் தொடைச் சேற்றைக் கழுவினார். அவருடைய குடிக்குறி வெளியே வந்தது.

"நெறமும் நடையும் ஆயிரம் சொல்லும். குறிதான் பேசும்" என்று சொல்லிவிட்டுக் காளையைக் கொண்டுபோனார். மாமா அந்தச் சொல்லை மறக்கவில்லை. எப்போதோ திருப்பிக் கொடுக்கவென்று வைத்திருந்தார் போலும்.

குறி பார்த்தல்

அடுத்த வியாழன், அசறுத் தொழுகைக்குப் பிறகு, அந்தப் பாதிக் கூரை வீட்டிலேயே கூடினார்கள். வெயில் கைமரங்களுக்குள்ளால் விழுந்து ஆட்களின் மேல் வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் இருந்தார்கள். லெப்பை சால்வையால் முகத்தைத் துடைப்பதும் சால்வையைப் பிழிவதுமாக இருந்தார். கபூர் சஞ்சிகையைக் கக்கத்தில் வைத்திருந்தான். உள் அறையில் பெண்கள் பாக்கு வெட்டும் சத்தம் கேட்டது.

ஆதம்பாவா தொடங்கினார்.

"எனக்கு மாப்பிள்ளையோட கோவமில்ல. ஒண்டே ஒண்டு கேக்கன். அந்தப் பிராணிக்கு ரெத்தம் ஓடுமா, ஓடாதா? ஓடாதெண்டா நீங்க சபையில சொன்னது பொய். ஓடுமெண்டா நாங்க எல்லாரும் சுபஹத் திருப்பித் தொழணும்."

உள்ளே பாக்குவெட்டி நின்றது.

"அது போட்டிக்குப் பேசினது, மரைக்கார்" என்றேன்.

"போட்டிக்குக் கழுத்த வெட்டினா ரெத்தம் ஓடாதா?"

சிரிப்பு எழும்பியது. நான் மேலே பார்த்தேன். ஓடில்லாத இடத்தில் ஒரு காகம் இருந்தது. இரத்தம் ஓடும் என்றாலும் இந்த வீடு எனக்கில்லை, ஓடாது என்றாலும் இல்லை.

அதுவரை வாய் திறக்காத மாமா கேட்டார்: "படம் இரிக்கா?"

கபூர் சஞ்சிகையை விரித்து வைத்தான். மாமா குனிந்தார். வால், வயிறு, வாய் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் சந்தையில் மாடு பார்க்கும் பார்வை அது.

"இது பல்லிட சொந்தமெண்டு ஆரு சொன்ன?"

"தலைமையாசிரியர்" என்றேன்.

"அவர் இதுட உம்மாவக் கண்டவரா?"

பாயில் இருந்தவர்கள் படத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"குடி எண்டா உம்மா வழி. உம்மா தெரியாட்டிக் குறியப் பார்க்கணும்" என்றார் மாமா. அவருடைய விரல் படத்தின் காலடிக்கு வந்து நின்றது. "தம்பி, இந்த விரல எண்ணுங்க."

"மூணு, மாமா. முன்னுக்கு மூணு."

"பல்லிக்கு?"

"அஞ்சு!" என்றார் லெப்பை, எனக்கு முந்தி. "பரத்தி வச்ச அஞ்சு!" அவர் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடிற்று.

கபூர் பட்டென்று எழும்பினான். மேற்கு அறைக்குச் சில நாளுக்கு முந்தித்தான் சிமெந்து போட்டிருந்தார்கள். காயுமுன் பக்கத்து வீட்டுக் கோழியொன்று அதில் நடந்துவிட்டது. சுவரிலிருந்து சுவருக்கு வரிசையாக அதன் அடி. கொத்தனுக்கு மாமாவிடம் நல்ல ஏச்சு விழுந்திருந்தது. கபூர் படத்தைக் கொண்டுபோய் அந்த அடியொன்றின் பக்கத்தில் வைத்தான். எல்லோரும் எழும்பிப் போய்ச் சுற்றி நின்றோம்.

முன்னுக்கு மூன்று. நடு விரல் நீளம். நுனியில் நகம்.

"அல்லாவே" என்றார் ஒரு மீன்பிடிகாரர். "எங்கட கோழிட குறிதான்."

மாமா நிமிர்ந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆதம்பாவா, நாவிதன்வெளிக் காளைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

ஆதம்பாவா படத்தைப் பார்த்தார். சிமெந்தைப் பார்த்தார். வேறெதையும் பார்க்க விருப்பமில்லாமல் துவாயைப் பார்த்தார்.

"குறிதான் பேசும் எண்டன்."

"இப்ப குறி என்ன பேசுது?"

"கோழிக் குடி" என்றார். ஒரு கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டவர் போலிருந்தது அவர் முகம்.

"சரி. கோழிக்கு ரெத்தம் ஓடும், சூடாவும் ஓடும். தம்பி சொன்னது சரி. பல்லி வேற குடி. லெப்ப சொன்னதும் சரி." மாமா பாயில் வந்து இருந்தார். "தேத்தண்ணி குடுங்க புள்ள."

"அப்ப இத அறுத்துத்தான் தின்னணும்" என்றார் மீன்பிடிகாரர்.

"நீ கால அமத்திப் பிடி, கத்திய நான் பிடிக்கன்" என்றார் இன்னொருவர்.

"குளிர் தோத்திட்டு, கபூர். வாழைக்குலையத் திருப்பித் தாங்க" என்றேன் நான். உயிர் வந்த துணிச்சல்.

"அது ரெத்தத்தோட கலந்து மூணு நாள், மச்சான்."

உள்ளே பாக்குவெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. முன்னதைவிட வேகமாக.

இனி நாங்கள்தான் முதலில் கண்டோம் என்று மேல்நாட்டாருக்கு எழுதிப்போடும் எண்ணம் எனக்கில்லை. அவர்கள் எலும்பைப் பார்த்துப் பேசுகிறார்கள். நாங்கள் பார்த்தது ஒரு படம். அதை வரைந்த மனிதர் காலுக்கு மாதிரி கிடைக்காமல் தன் வீட்டுக் கோழியைப் பார்த்தே வரைந்திருக்கவும் கூடும். ஆனால் அந்தச் சிமெந்து இன்னும் எங்கள் மேற்கு அறையில் இருக்கிறது. பெருக்கும்போது செய்னம்புவின் தும்புத்தடி அந்த அடிகளில் ஒருமுறை தடுக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். மாமாவும் ஆதம்பாவாவும் இப்போது மையவாடி மண்ணுக்குள் கிட்டக் கிட்டக் கிடக்கிறார்கள். எந்த இரத்தம் எப்படி ஓடிற்றென்று அவர்கள் இருவருக்கும் இனி ஐயமிராது.

படலையடி

கூட்டம் கலைந்தபோது கடல் பக்கம் இருண்டு வந்தது. மாமா வாசல் படலைவரை என்னோடு வந்தார். அதுவரை அவர் என்னோடு தனியே கதைத்ததில்லை. ஓட்டுக் குவியலில் நின்ற வெள்ளாட்டைக் கையால் விரட்டினார். அந்தக் கை அசைவிலேயே நாளைக்குக் கூரையில் ஆளேறும் என்று எனக்கு விளங்கியது.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் படலைத் தடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தம்பி, மெய்யா அதுட ரெத்தம் சூடுதானா?"

"தெரியா மாமா."

"அப்ப பல்லிட ரெத்தம்?"

"அதுவும் தெரியா மாமா."

அவர் தலையை ஆட்டினார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார். வெற்றிலையும் கராம்பும் மணத்தது.

"பல்லி விழுந்த அண்டைக்கே நான் ஊட்ட வந்து, கிணத்துல தண்ணி அள்ளி ஒழு எடுத்து, சுபஹத் திருப்பித் தொழுதுட்டன். ஆதம்பாவாக்குச் சொல்லிப்போடாதீங்க."